பழைய பிக்கப்பில் ஒழுகல்: எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது?

அக்டோபர் 6

கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றும் தம்பி ஒருவர் கேட்டது:

"அண்ணா, என் பிக்கப் 2007 மாடல், டீசல். வாரத்துக்கு அரை லிட்டர் இன்ஜின் ஆயில் ஊற்றுகிறேன். நிறுத்தும் இடமெல்லாம் கறை. ரெண்டு பட்டறையில் காட்டினேன். கிராங்கின் (இன்ஜினுக்குள் சுழலும் தண்டு) பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்கணும் என்கிறார் ஒருவர். இன்ஜினையே இறக்கி எல்லா பேக்கிங்கும் மாற்றிவிடு என்கிறார் இன்னொருவர். இத்தனை வயசான வண்டிக்கு இவ்வளவு செலவு தேவையா? ஒழுகினால் ஒழுகட்டும் என்று ஊற்றி ஊற்றி ஓட்டலாமா?"

ஊற்றி ஓட்டலாம் என்பது சில ஒழுகலுக்குச் சரி. சிலதுக்கு அப்படி ஓட்டினால் ஆள் மிஞ்ச மாட்டான். எது ஒழுகுகிறது என்று தெரியாமல் நான் பதில் சொல்ல மாட்டேன், தம்பி. பட்டறைக்காரர்களும் சொல்லியிருக்கக் கூடாது.

இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். காலி உரச்சாக்கைப் பிரித்து, உள்பக்க வெள்ளை மேலே தெரியும்படி வண்டிக்கு அடியில் முன் சக்கரம் முதல் பின் சக்கரம் வரை விரியுங்கள். மூலைக்கு ஒரு கல். அட்டைப்பெட்டி வேண்டாம், அது எண்ணெயைக் குடித்து நிறத்தை மறைத்துவிடும். சாக்கில் சொட்டு அப்படியே நிற்கும்.

விடிந்ததும் ஒவ்வொரு சொட்டையும் விரலில் தொட்டுப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். சிவப்பாக, மெல்லியதாக இருந்தால் பெரும்பாலும் பவர் ஸ்டியரிங் ஆயில். பச்சையோ ரோஜா நிறமோ, தொட்டால் வழுக்கி, இனிப்பு வாசம் அடித்தால் கூலன்ட், ரேடியேட்டரில் ஊற்றுவது. கெட்டியாக, பழுப்பாக, கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில். பூண்டு மூட்டை ஏற்றிய வண்டியில் அந்த நாற்றம் பிடிபடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். வெளிர் மஞ்சளாகத் தண்ணீர் போல, ஆனால் காயாமல் வழவழவென்று இருந்தால் பிரேக் ஆயில். அதைப் பார்த்தால் சாவியை வீட்டில் வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அக்டோபர் 7

ஒன்று விட்டுவிட்டேன். வண்டி எப்படி நின்றது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் வீட்டு வாசல் எல்லாம் சரிவு. மூக்கு மேலே பார்த்து நின்றால் இன்ஜின் முன்னால் கசிந்த எண்ணெயும் சம்ப்பின் (இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி) அடியைப் பிடித்துப் பின்னால் ஓடி, கியர் பாக்ஸ் சேரும் இடத்தில் போய்ச் சொட்டும். ஓடும்போது காற்றும் பின்னால்தான் தள்ளும். பின்னால் சொட்டுகிறது, அதனால் பின் சீல் என்று சொல்லும் பட்டறைகள் பாதி இதில்தான் ஏமாறுகின்றன. முதல் நாள் மூக்கு மேலே, மறுநாள் மூக்கு கீழே என்று ரெண்டு இரவு வைத்துப் பாருங்கள். சக்கரத்துக்குக் கல் வைக்க மறக்க வேண்டாம்.

அக்டோபர் 7, இரவு

கேரட் ஏற்றுகிற நண்பர் ஒருவர் தன் வண்டியில் தண்ணீராகவே சொட்டுகிறது என்று பதறி எழுதியிருக்கிறார். கேத்தியில் கழுவி ஏற்றிய கேரட் மூட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் சொட்டும், அண்ணா. சேஸிஸில் வழிந்து எங்கெங்கோ இறங்கும். லோடு இறக்கி, வண்டி காய்ந்த பிறகு சாக்கு விரியுங்கள். நானும் கேரட்தான் ஓட்டுகிறேன், 19 வருஷமாக.

அக்டோபர் 12

தம்பியின் பதில் வந்தது. நடுவில் கறுப்புச் சொட்டு பதினைந்துக்கு மேல். சிவப்பு இல்லை. பச்சை இல்லை. "இடது பின் சக்கரத்தின் உள்பக்கம் கொஞ்சம் ஈரம், மழைத் தண்ணீராக இருக்கும்" என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.

மழைத் தண்ணீர் காலைக்குள் காய்ந்திருக்கும். டயரின் உள் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடு போல் ஈரம் இருந்தால் வீல் சிலிண்டரின் (சக்கரத்துக்குள் பிரேக்கைத் தள்ளும் சின்ன உருளை) ரப்பர் தேய்ந்திருக்கிறது என்று நினைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். இன்ஜின் ஆயிலை மறந்துவிடுங்கள். அது காத்திருக்கும். இந்த வண்டியில் குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்கக் கூடாது, லோடு இல்லாமல் கூட.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு நடந்திருக்கிறது. 2014, மாசி மாதம், விடியற்காலை மூன்று மணி. ஒன்றரை டன் கேரட்டோடு குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்துகொண்டு வந்தது. கீழே ஒரு சொட்டு கூட இல்லை. ஊற்றி ஊற்றி ஓட்டினேன். பர்லியாருக்கு மேலே ஒரு வளைவில் பெடல் பஞ்சுபோல் இறங்கியது. ரெண்டு தரம் மிதித்தேன், பிடித்தது. மறு வளைவில் மிதித்தேன், தரையைத் தொட்டது.

ரெண்டாவது கியரில் வந்ததால் பிழைத்தேன். முதல் கியருக்கு மாற்றினேன், இன்ஜின் அலறியது, வேகம் குறைந்தது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். அது கேபிளில் வேலை செய்வது, எண்ணெய் இல்லாவிட்டாலும் பின் சக்கரத்தைப் பிடிக்கும். மலைப்பக்கம் ஒட்டி, சாக்கடையில் இடது சக்கரங்களை இறக்கி நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தபோது கால் நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. எதிர்ப்பக்கம் பள்ளத்தில் கல்லாற்றுத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

எண்ணெய் எங்கே போனது என்று பட்டறையில் தெரிந்தது. பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் கசிந்து, எல்லாம் பூஸ்டருக்குள் (மிதிக்கு வலு கூட்டும் வட்ட டப்பா) போய்த் தேங்கியிருந்தது. கழற்றியதும் ஒரு டம்ளர் அளவு கொட்டியது. சொட்டாமல் குறையும் பிரேக் ஆயில்தான் எல்லாவற்றிலும் மோசம்.

தம்பி, பின் டிரம்மைக் கழற்றச் சொல்லுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் தூசிமூடியை விரலால் லேசாகத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஈரம் தெரியும். ஒரு பக்கம் போயிருந்தாலும் ரெண்டு பக்கமும் மாற்றுங்கள், ஒரே வயசு. லைனரில் (டிரம்மை உரசிப் பிடிக்கும் பட்டை) எண்ணெய் பட்டிருந்தால் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி மறுபடி மாட்டும் வேலை வேண்டாம். சூடேறியதும் உள்ளே குடித்தது வெளியே வரும். லைனரும் புதிது.

அக்டோபர் 13

சொட்டாமல் குறையும் பிரேக் ஆயில்தான் மோசம் என்று நேற்று எழுதியதை, டப்பாவில் அளவு குறைந்தாலே லீக் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லைனரும் பேடும் தேயத் தேய அளவு மெல்லக் குறையும், அது இயல்பு. மாதக் கணக்கில் ஒரு விரல் இறங்கினால் லைனரைப் பாருங்கள். ஒரு வாரத்தில் இறங்கினால் எங்கோ போகிறது.

அக்டோபர் 13, மாலை

பிரேக் ஆயில் டாட் 3 போதுமா, டாட் 4 வேண்டுமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். டப்பா மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அது. இரண்டும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140. டாட் 4க்கு 230, ஈரம் ஏறினால் 155. நம் ஊர் மூடுபனியில் வருஷக் கணக்காக மாற்றாத எண்ணெய் எவ்வளவு ஈரம் குடித்திருக்கும் என்று யோசியுங்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சுமார் 1500 மீட்டர் இறக்கம். கல்லாற்றிலிருந்து குன்னூருக்கு ரயிலே பல்சக்கரம் பிடித்துத்தான் ஏறி இறங்குகிறது. அந்தச் சூட்டில் எண்ணெய் கொதித்து ஆவியானால் ஒரு சொட்டு ஒழுகாமலே பெடல் கீழே போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் முழுக்க மாற்றி, நாலு சக்கரத்து பிரேக் குழாயிலும் சிக்கிய காற்றை எடுத்துவிடுங்கள்.

அக்டோபர் 20

ரெண்டு வீல் சிலிண்டர், லைனர், எண்ணெய் எல்லாம் மாற்றியாகிவிட்டது என்று தம்பி எழுதியிருக்கிறார். இடது சிலிண்டர் உள்ளே துரு ஏறி ரப்பரைக் கீறியிருந்ததாம். மனசு லேசானது.

இப்போது கறுப்பு எண்ணெய்க்கு வருவோம். இன்ஜினை டீசல் விட்டுத் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். முகப் பவுடரை ஒரு மெல்லிய துணியில் கட்டி, பக்கவாட்டிலும் சம்ப் விளிம்பிலும் தட்டித் தட்டித் தூவுங்கள். ஃபேன் பக்கமும் பெல்ட் பக்கமும் கை போக வேண்டாம், இன்ஜின் நிறுத்தியே செய்யுங்கள். அப்புறம் ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் எண்ணெய் எங்கே முதலில் நனைக்கிறதோ அங்கேதான் கசிவு. எப்போதும் மேலேயிருந்து கீழே பார்க்க வேண்டும். நனைந்த இடங்களில் எது உயரமோ அதுதான் குற்றவாளி.

அக்டோபர் 24

தம்பி அனுப்பிய படம் பார்த்தேன். டாப்பெட் கவரின் (இன்ஜினின் மேல் மூடி) பின் மூலையில் பவுடர் கறுத்து, கீழே இன்ஜின் பிளாக்கில் நாக்கு நீட்டியது போல் ஒரு கோடு. அந்தக் கோடு நேராக கியர் பாக்ஸ் சேரும் இடத்துக்குப் போகிறது. கியர் பாக்ஸை இறக்கச் சொன்ன பட்டறை பார்த்தது இந்த எண்ணெயின் கடைசி முனையைத்தான். டாப்பெட் கவர் பேக்கிங் ஒரு ரப்பர் வளையம், ஒரு மணி நேர வேலை. போல்ட்டை மட்டும் வெறி பிடித்து இறுக்க வேண்டாம். இறுக்க இறுக்கக் கவர் வளைந்து இன்னும் ஒழுகும்.

அக்டோபர் 25

இரவு படுத்தபின் ஒன்று தோன்றியது. வாரத்துக்கு அரை லிட்டர் அந்த மூலையிலிருந்து மட்டும் போகுமா? தம்பி, டிப்ஸ்டிக்கை (எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி) எங்கே நிறுத்திப் பார்க்கிறீர்கள்?

அக்டோபர் 26

நினைத்தது சரி. வீட்டு வாசலில், மூக்கு மேலே பார்க்க, காலையில் பார்க்கிறாராம். அவர் வண்டியில் டிப்ஸ்டிக் இன்ஜினின் முன்பாதியில் இருக்கிறது. மூக்கு மேலே நின்றால் எண்ணெய் சம்ப்பின் பின்பக்கம் போய்விடும், குச்சியில் குறைவாகக் காட்டும். அவர் ஊற்றுவார். அடுத்த வாரமும் குறைவாகக் காட்டும், ஊற்றுவார். ஒழுகிய எண்ணெய்க்காக ஊற்றவில்லை, ஊற்றிய எண்ணெய்தான் ஒழுகியிருக்கிறது. அளவுக்கு மேல் நின்றால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், உள்ளே அழுத்தம் ஏறும், வயசான ரப்பர் எங்கே பலவீனமோ அங்கே பிதுக்கிக்கொண்டு வரும்.

இந்த மலையில் சமதளம் தேடுவதே ஒரு வேலை. நான் பெட்ரோல் பங்கில்தான் பார்ப்பேன். டீசல் போட்டு, ஓரமாக நிறுத்தி, பத்து நிமிஷம் விட்டு, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பேன். பங்கில் பார்த்ததில் தம்பி வண்டியில் மேல் கோட்டுக்கும் ஒரு விரற்கடை மேலே நின்றதாம். அதிகமானதை வடித்துவிடச் சொன்னேன். உள்ளே ஏறும் காற்றை வெளியே விடும் ப்ரீதர் குழாயையும் கழற்றிக் கழுவச் சொன்னேன். அது அடைத்திருந்தாலும் இதே கதைதான்.

நவம்பர் 3

முதலில் "இன்ஜின் ஆயில் காத்திருக்கும்" என்று எழுதினேன். பிரேக்கோடு ஒப்பிட்டுச் சொன்னது. தனியாக எடுத்துப் படித்துவிட்டு ஒருவர், தன் வண்டியில் பெல் ஹவுசிங்கின் (இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே கிளட்சை மூடும் கூடு) அடி ஓட்டையிலிருந்தே சொட்டுகிறது, காத்திருக்கிறேன் என்கிறார். வேண்டாம். அந்த ஓட்டையில் வந்தால்தான் உண்மையில் பின் சீல், அல்லது கியர் பாக்ஸின் முன் சீல். கறுப்பா, கந்தக நாற்றமா என்று பார்த்தால் எது என்று தெரியும். எதுவானாலும் கிளட்ச் பிளேட்டில் பட்டுவிட்டால் லோடோடு ஏறும்போது இன்ஜின் இரையும், வண்டி நகராது. கிளட்ச் மாற்றும் நாள் நெருங்கியிருந்தால் அதோடு சேர்த்து சீலையும் மாற்றுங்கள், கூலி ஒரே கூலி.

நவம்பர் 11

மழை. மண் சரிந்து மரம் விழுந்து, பாதையில் நாலு மணி நேரம் நின்றோம். பக்கத்து வண்டிக்காரர் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கைப்பிடி. ஒழுகல் நின்றது, பொய் சொல்லவில்லை. வீடு சேரும் வரை அது போதும். ஆனால் ஓட்டையை அடைத்த அதே மஞ்சள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் போய் உட்காரும். வீடு சேர்ந்ததும் எல்லாவற்றையும் வடித்துக் கழுவாவிட்டால், அடுத்த ஏற்றத்தில் ஒழுகாமலே சூடேறும். டீசல் டேங்க் கசிவுக்குத் துணி சோப்பைத் தேய்ப்பதும் இதே மாதிரிதான். ஊர் போய்ச் சேர்வதற்கு மட்டும்.

அவருக்கு ஓட்டை ரேடியேட்டரில் கூட இல்லை. மூடியில். மூடியின் ரப்பர் வெடித்து, ஆவி போய்க்கொண்டே இருந்தது. இதை மலைக்காரர்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். உதகை சுமார் 2240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் தெர்மோஸ்டாட்டே 82 வாக்கில்தான் திறக்கிறது. நல்ல மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே 115 வரை கொதிக்காமல் தாங்குகிறது. மூடி போனால் மிச்சம் பத்து டிகிரி. அதே மூடியோடு கோயம்புத்தூரில் சமாளித்து ஓடும் வண்டி உதகைப் பக்கத்து லவ்டேல் ஏற்றத்தில் கொதித்துவிடும். மூடி மலிவு. சூட்டில் மட்டும் திறக்காதீர்கள். என் மாமா முகத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

நவம்பர் 12

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் கூலன்ட் கசிந்தால் எம்-சீல் வைத்து அடைக்கக் கூடாது. உள்சீல் போய்விட்டது என்று சொல்வதற்காகவே வைத்த ஓட்டை அது.

நவம்பர் 23

தம்பிக்குப் புது ஒழுகல். டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள கியர் கூடு) முன்பக்கம், புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் இடம் நனைந்திருக்கிறது. சீல் வாங்கக் கடைக்குப் போகும்முன் ஆக்ஸில் ஹவுசிங்கின் மேலே ப்ரீதரைப் பாருங்கள் என்றேன். தேயிலைத் தோட்டத்துச் செம்மண் அதில் அப்பி, காய்ந்து, செங்கல்லாகியிருந்ததாம். சூட்டில் உள்ளே காற்று விரியும், வெளியே போக வழியில்லை, சீலைத் தள்ளிக்கொண்டு வரும். கம்பியால் குத்தி, டீசலில் கழுவி மாட்டியிருக்கிறார். ஒரு ரூபாய் செலவில்லை. நிற்கிறதா என்று பத்து நாள் பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் சீல்தான். சக்கரப் பக்க ஆக்ஸில் சீல் வழியாக வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், கியர் ஆயில் நேராக பிரேக் லைனருக்குப் போகும்.

டிசம்பர் 4

டிஃபரன்ஷியல் காய்ந்துவிட்டது. ப்ரீதர்தான்.

டிசம்பர் 9

ஆல்டர்நேட்டரின் பின்னால் வேக்கம் பம்ப் (பிரேக் பூஸ்டரிலிருந்து காற்றை உறிஞ்சுவது) வைத்த டீசல் வண்டிக்காரர்களுக்கு. அந்தப் பம்புக்கு இன்ஜின் ஆயில் போகும் சின்ன ரப்பர் ஹோஸ் வயசானால் கல் மாதிரி ஆகி, கிளிப் அருகே வெடிக்கும். எண்ணெய் பீச்சினால் கொஞ்ச நேரத்தில் இன்ஜினே காலி. பம்ப் கெட்டால் பூஸ்டருக்கு வேக்கம் இல்லை, பிரேக் பெடல் கல்லாகிவிடும். ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து உருட்டுகிறவர்களும் இதே நிலையைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள். அணைத்த இன்ஜினில் வேக்கமும் இல்லை, பவர் ஸ்டியரிங்கும் இல்லை, நியூட்ரலில் உருளும்போது இன்ஜின் பிடித்து நிறுத்தவும் வழியில்லை.

டிசம்பர் 15

வடித்த எண்ணெயை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. நானே எழுதுகிறேன். பழைய இன்ஜின் ஆயில் 2016 விதிகளின்படி அபாயக் கழிவு. வேலிக் கம்பத்துக்குப் பூசுவது, சாக்கடையில் ஊற்றுவது, ஓடையில் நிறுத்தி இன்ஜின் கழுவுவது எல்லாம் நாம் பார்த்து வளர்ந்ததுதான். நானும் செய்திருக்கிறேன், இப்போது வருத்தமாக இருக்கிறது. இந்த ஓடைகள் பவானிக்கும் மோயாருக்கும் போகின்றன. வழியில் நம் கேரட்டைக் கழுவுவதும் இதே தண்ணீர். கேனில் பிடித்து, பழைய எண்ணெய் எடுப்பவரிடம் கொடுக்கும் பட்டறையில் சேருங்கள். கூலன்ட் கொட்டினால் உடனே மண் போட்டு அள்ளுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். எங்கள் தெருவில் ஒன்று அப்படிப் போனது.

ஜனவரி 5

இன்று காலை கேத்தியில் புல்லெல்லாம் வெள்ளை. உறைபனி. கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறவர்கள் இந்த வாரமாவது மாற்றுங்கள், பாதிக்குப் பாதி கலந்து. நம் ஊர்க் குளிருக்கு அது தாராளம். உறைவதை விடத் துருதான் எனக்குக் கவலை. இன்ஜின் பிளாக்கில் தண்ணீர் ஓட்டைகளை மூடியிருக்கும் தகட்டு பிளக்குகள் உள்ளிருந்து அரித்து, குளிர்ந்த காலையில் ஒழுக ஆரம்பிக்கும்.

ஜனவரி 11

தம்பி சாக்கின் படம் அனுப்பியிருக்கிறார். அதே உரச்சாக்கு, மூலையில் அதே கற்கள், ஓர் இரவு விரித்தது. கறுப்புச் சொட்டு இரண்டு. சம்ப் பேக்கிங்காக இருக்கும். பங்கில் வைத்துப் பார்த்தாராம், ஒரு மாதத்தில் குச்சியில் நூலளவுதான் குறைந்திருக்கிறது. இதற்கும் இன்ஜினை இறக்க வேண்டுமா என்று கேட்கிறார். வேண்டாம், தம்பி. இதை ஊற்றி ஓட்டலாம். பின் சக்கரங்களின் உள்பக்கம் மட்டும் வாரம் ஒரு தரம் கை வைத்துப் பாருங்கள்.